பேனா மாணவர் கையிலேயே இருக்கட்டும்: பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத் தனியாக எழுத்துப் பயிற்சி தருவது எப்படி?

மொரீஷியஸில் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே 'லெசோன்' போய்ப் பழகியவர்கள். பள்ளி விட்டதும் டியூஷன், சனிக்கிழமை காலையில் இன்னொரு டியூஷன், பள்ளிப் படிப்பின் கடைசியில் கேம்பிரிட்ஜ் நடத்தும் எச்எஸ்சி தேர்வு முடியும் வரைக்கும் இதே ஓட்டம்தான். ஆசிரியர் குறிப்பு சொல்வார், பிள்ளை எழுதிக்கொள்ளும், பழைய வினாத்தாள்களை எடுத்து வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அதே பிள்ளை ரெடுயியில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து முதல் செமஸ்டரிலேயே 2000 சொற்களில் ஒரு அசைன்மென்ட் எழுத வேண்டும் என்றதும் திகைத்துப்போகிறது. குறிப்பு சொல்ல ஆளில்லை, மாதிரி விடையும் இல்லை. அப்போதுதான் நம் கதவைத் தட்டுகிறார்கள். கோவிலில் பார்த்த டீச்சர், பக்கத்து வீட்டில் எம்.ஏ. முடித்த அக்கா, அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர், இப்படி யாராவது.

அந்த 'யாராவது' நீங்களாக இருந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தால் இதைப் படியுங்கள். ரோஸ் ஹில்லில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். தொடக்கத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு பையனின் முன்னுரை சரியில்லை என்று நானே பத்து நிமிடத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தேன், அவனுக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த செமஸ்டர் தேர்வு அறையில் அவனால் ஒரு முன்னுரை எழுத முடியவில்லை. கேட்டபோது "அதை நீங்கதானே எழுதினீங்க மிஸ்" என்றான். அன்றைக்கு முடிவு செய்ததுதான் கீழே இருக்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை: பேனா என் கைக்கு வராது.

1. சந்திப்பதற்கு முன்

நான்கு பொருள்களை அனுப்பச் சொல்லுங்கள்: வினா, மதிப்பெண் திட்டம், மேற்கோள் எப்படிக் காட்ட வேண்டும் என்று துறை கொடுத்திருக்கும் பக்கம், இதுவரை எழுதியது எதுவானாலும் அது. அரைப் பக்கம் இருந்தாலும் போதும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் எழுதவில்லை என்று சொல்லட்டும், வெட்கப்பட வேண்டாம். எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நாளைக் காலையில் கெடு என்றால் நீங்கள் நடத்தப்போகும் பாடமே வேறு.

பணம் வாங்குவதாக இருந்தால் அதையும் இப்போதே பேசுங்கள். நீங்கள் கொடுப்பது ஒரு மணி நேரம், மதிப்பெண் அல்ல. அம்மா அப்பா போனில் பேசினால் அவர்களிடமும் இதையே சொல்லுங்கள், ஏனென்றால் 'லெசோன்' என்றதும் அவர்கள் எதிர்பார்ப்பது விடைகள்தான். நான் ஒரு வரியும் எழுதித் தர மாட்டேன் என்று சொன்னதும் சிலர் வராமல் போவார்கள். பரவாயில்லை.

2. எப்படி உட்காருவது

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இதில்தான் பாதி இருக்கிறது. எதிரில் உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். தாளோ லேப்டாப்போ மாணவர் முன்னால் இருக்கட்டும், பேனாவும் அவர்களுடையதே. ஆன்லைனில் நடத்தினால் கூகுள் டாக்ஸில் உங்களுக்குக் கருத்து எழுதும் உரிமை மட்டும் தரச் சொல்லுங்கள், திருத்தும் உரிமை வேண்டாம். நமக்கு எழுத வரும், அதனால் கை துறுதுறுக்கும். பூட்டு இருப்பது நல்லது.

3. வினாவை உடைப்பது

முதல் சந்திப்பில் 20 நிமிடமாவது வினாவுக்கே கொடுங்கள். 'டிஸ்கிரைப்' என்றால் விவரி, 'டிஸ்கஸ்' என்றால் பல பக்கங்களையும் எடுத்து வாதாடு, 'இவேல்யுவேட்' என்றால் எடைபோட்டு ஒரு தீர்ப்பு சொல். பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

ஒரு மாணவிக்கு வந்த வினா இது: ஐரோப்பாவுடன் இருந்த சர்க்கரை ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததால் மொரீஷியஸ் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட விளைவுகளை மதிப்பிடுக. விஷயம் தெரியாதவர்களுக்காக: ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கும் இடையிலான 1975 லோமே உடன்படிக்கையோடு வந்த அந்த ஒப்பந்தம் நம் சர்க்கரைக்கு ஐரோப்பாவில் நிச்சயமான அளவும் நல்ல விலையும் கொடுத்தது, 2006 முதல் ஐரோப்பா அந்த விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தது, 2009-இல் ஒப்பந்தமே முடிந்தது. அவள் கொண்டுவந்த வரைவு 1639-இல் டச்சுக்காரர்கள் கரும்பைக் கொண்டுவந்ததில் தொடங்கி, பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே, அடிமை முறை ஒழிப்பு, நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியது என்று மூன்று பக்கம் ஓடியது. எல்லாம் சரியான தகவல். ஆனால் 2006 வருவதற்குள் சொற்கள் தீர்ந்துவிட்டன.

இது தப்பு என்று நான் சொல்லவில்லை. வினாவை உரக்கப் படிக்கச் சொன்னேன், வினைச்சொல்லின் கீழ் கோடு போடச் சொன்னேன், பிறகு தன் மூன்று பக்கத்தில் அந்த வினைச்சொல்லுக்குப் பதில் சொல்லும் வரிகளுக்கு மட்டும் மஞ்சள் பூசச் சொன்னேன். இரண்டு வரிதான் மஞ்சளானது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் அவளாகவே "முதல் ரெண்டு பக்கமும் வேண்டாம், இல்லையா மிஸ்?" என்றாள்.

4. முதலில் வாயால் சொல்லவிடுவது

நம் பிள்ளைகள் நினைப்பது நம் தீவின் பேச்சு மொழியான கிரியோலில், செய்தித்தாள் படிப்பது பிரெஞ்சில், எழுத வேண்டியது ஆங்கிலத்தில், சாமி கும்பிடுவது தமிழில். நேராக ஆங்கிலத்தில் எழுது என்றால் தெரிந்த பத்து வாக்கியங்களையே சுற்றிச் சுற்றி எழுதுவார்கள். அதனால் எழுதுவதற்கு முன் பேசவிடுங்கள், அவர்களுக்கு எது வசதியோ அந்த மொழியில். நான் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கி தோ பே ரோட் தீர்?" என்னதான் சொல்ல வருகிறாய்? அவர்கள் பதில் சொல்லும்போது அவர்களுடைய போனிலேயே பதிவு செய்துகொள்ளட்டும்.

அந்த மாணவியோடு நடந்த பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

"விலை குறைஞ்சதால யாருக்கு அடி?"

"எல்லாருக்கும் மிஸ்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரியா?"

நீண்ட அமைதி. அந்த அமைதியை நிரப்பாதீர்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அது நிச்சயம் கலையும்.

"இல்ல. எங்க தாத்தா கரும்பு போடுறதையே விட்டுட்டார், கட்டுப்படி ஆகல. பெரிய கம்பெனிங்க சக்கையை எரிச்சு கரண்ட் விக்குறாங்க."

கட்டுரையின் உயிர் இதுதான். அந்தத் தொழில் சாகவில்லை, ஆனால் யார் பிழைத்தார்கள் யார் விட்டுப் போனார்கள் என்பது மாறிவிட்டது என்பது அவளுடைய வாதம். எந்த நூலகத்திலும் கிடைக்காதது அவள் வாயிலேயே இருந்தது. தாத்தாவைச் சான்றாகக் காட்ட முடியாது, அதற்குச் சிறு விவசாயிகளைப் பற்றிய ஆய்வும் அரசு அறிக்கையும் தேட வேண்டும், ஆனால் என்ன தேடுவது என்று இப்போது தெரிந்துவிட்டது. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். நான்கு தடவை அடித்து எழுதினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. பெரியது முதலில், சின்னது பிறகு

வரைவைப் பார்த்ததும் நம் கண்ணில் படுவது எழுத்துப்பிழையும் இலக்கணமும்தான். அதைத் தொடாதீர்கள். ஒரு பத்தியையே தூக்க வேண்டியிருக்கும்போது அதன் காற்புள்ளியைத் திருத்தி என்ன பயன்? முதலில் வாதம், பிறகு பத்திகளின் வரிசை, பிறகு ஒவ்வொரு பத்திக்குள்ளும் சான்று இருக்கிறதா என்பது, கடைசியில்தான் வாக்கியம்.

வரிசையைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் 'இந்தப் பத்தி என்ன சொல்கிறது' என்று ஐந்தாறு சொற்களில் மாணவர் எழுதட்டும். பிறகு கட்டுரையை மூடிவிட்டு அந்த ஓரக் குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழே வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வருவதும், நடுவில் ஒரு படி காணாமல் போனதும் அவர்களுக்கே தெரியும். குறிப்பே எழுத முடியாத பத்தி ஒன்று இருந்தால் அதில் சொல்ல வந்தது எதுவும் இல்லை என்று அர்த்தம்.

6. மொழிப் பிழைகள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. ஒரு சந்திப்புக்கு இரண்டு வகைப் பிழை போதும். திருத்திக் கொடுக்காமல், "இந்தப் பத்தியில் இதே மாதிரி மூன்று இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லுங்கள்.

பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பொறுமை தானாக வரும். கிரியோலில் ஆளுக்கு ஏற்ப வினைச்சொல் மாறாது, இறந்த காலத்துக்கு முன்னால் ஒரு 'தி' போட்டால் முடிந்தது. அதனால்தான் ஆங்கில வினைச்சொல்லின் கடைசியில் வரவேண்டிய 'எஸ்'ஸும் 'ஈடி'யும் விழுந்துவிடுகின்றன. இது சோம்பேறித்தனம் அல்ல, வேறொரு ஒழுங்கான இலக்கணத்தின் தடம், அதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். இன்னொன்று பிரெஞ்சிலிருந்து வருவது. 'ஆக்துயெல்மான்' என்றால் 'தற்போது', ஆங்கிலத்தின் 'ஆக்சுவலி' அது இல்லை. 'எவான்துயெல்மான்' என்றால் 'ஒருவேளை நடக்கலாம்', ஆங்கிலத்தின் 'இவென்சுவலி' என்றால் 'கடைசியில் நடந்தே தீரும்'. அரசு ஒருவேளை உதவலாம் என்று எழுத நினைத்து, கடைசியில் உதவியே தீரும் என்று எழுதிவிட்டால் வாதமே கவிழ்ந்துவிடுகிறது. இப்படிப்பட்ட சொற்களுக்கு நோட்டுப் புத்தகத்தில் ஒரு தனிப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மற்றபடி, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்திலும் கோளாறு இருக்கும்.

7. அடுத்தவர் கருத்தை எடுத்தாள்வது

கருத்துத் திருட்டு என்றதும் பிள்ளைகள் பயந்து நடுங்குகிறார்கள், ஆனால் எப்படித் தவிர்ப்பது என்று யாரும் உட்காரவைத்துக் காட்டியிருக்க மாட்டார்கள். நான் செய்வது இது. ஒரு பத்தியைப் படிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், என்னிடம் வாயால் சொல்ல வேண்டும், அதன் பிறகே எழுத வேண்டும், எழுதியதும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அங்கேயே போட வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவது சொந்த நடை ஆகாது. மேற்கோள் காட்டுவது ஹார்வர்ட் முறையா ஏபிஏ முறையா என்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள், துறை எதைக் கேட்கிறதோ அதையே ஒழுங்காகச் செய்தால் போதும்.

கருத்துத் திருட்டைத் தேட உதவும் டர்னிட்டின் என்ற மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்து அழுதுகொண்டே வருபவர்கள் உண்டு. அது காட்டுவது வேறு எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே. மேற்கோள் குறிக்குள் முறையாகப் போட்ட வரிகளும் அதில் சேரலாம். அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு நிறப் பகுதியாகச் சேர்ந்து பாருங்கள்.

சாட்ஜிபிடி எழுதிய கட்டுரையோடு வந்தால்? திட்டாதீர்கள். கட்டுரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இதை எனக்கு விளக்கு" என்று மட்டும் கேளுங்கள். விளக்க முடியாவிட்டால் முகத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் அது கொடுத்த மேற்கோள் பட்டியலை நூலகத் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லுங்கள். இல்லாத கட்டுரைகளை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு, ஒரு தடவை தானே தேடி ஏமாந்த பிள்ளைக்கு வேறு புத்திமதி தேவைப்படாது.

8. படிக்கும் முறை

எழுத்துக்கு உதவி கேட்டு வருபவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் படிப்பில் இருக்கும். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கோடு போடுவதைத்தான் படிப்பது என்று நினைக்கிறார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு சந்திப்பையும் வெற்றுத் தாளோடு தொடங்குங்கள்: போன வாரம் பேசியதை ஐந்து நிமிடம் பார்க்காமல் எழுது. முதலில் முனகுவார்கள். மூன்றாவது வாரத்தில் நீங்கள் கேட்காமலேயே தாளை எடுப்பார்கள்.

கெடுவுக்குத் திட்டம் போடுவதைப் பின்னாலிருந்து செய்யுங்கள். கொடுக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் முழு வரைவு, அதற்கு ஒரு வாரம் முன்னால் ஓரக் குறிப்புகள், அதற்கும் முன்னால் வாதத்தைச் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியம். காவடி, தீபாவளி, அக்கா கல்யாணம் எல்லாவற்றையும் காலண்டரில் முதலில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் திட்டம் அங்கேதான் உடையும்.

தூக்கமே இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்குப் பாடத்தை மூடிவிடுங்கள். கேளுங்கள், பல்கலைக்கழக ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் கூடவே போங்கள்.

9. சாரத்தைப் பிரிப்பது

கட்டடம் எழும்பும்போது சுற்றிலும் சாரம் கட்டுகிறோம், சுவர் நின்றதும் பிரிக்கிறோம். கற்பித்தலுக்கு இந்த உவமையை 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். பிரிக்கிற பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம், அதிலும் மாதாமாதம் பணம் வருகிறது என்றால் இன்னும் மறந்துவிடுவோம். வாரம் ஒரு தடவை என்பது நான்கைந்து வாரத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆகட்டும். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

கடைசிச் சந்திப்புக்கு, மாணவர் உங்களிடம் முதல் நாள் கொண்டுவந்த வரைவை எடுத்து வைத்திருங்கள். அதை அவர்கள் முன்னால் வைத்து, இது வேறொரு பிள்ளை எழுதியது என்று வைத்துக்கொள், இப்போது நீ மிஸ், என்ன கேட்பாய் என்று சொல்லுங்கள். மஞ்சள் பேனாவையும் கொடுங்கள். அந்த 20 நிமிடமும் வாயைத் திறக்காதீர்கள்.