‘ஜெனித்’, ‘நேடிர்’: ஒரு சொல்லின் வேரைத் தேடும் முறை

உச்சத்தைக் குறிக்கும் ‘ஜெனித்’, அடிமட்டத்தைக் குறிக்கும் ‘நேடிர்’ ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு, சொல்வேர் தேடும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், பொதுவழக்கில் உள்ள பொருளையும் துறைப்பொருளையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். வானியலில் ஜெனித் என்பது நம் தலைக்கு நேர் மேலே உள்ள வான்புள்ளி. நேடிர் அதற்கு நேர் எதிரே, காலடிக்குக் கீழே உள்ள புள்ளி. புகழின் உச்சி, வீழ்ச்சியின் எல்லை என்ற பொருள்கள் பின்னர் கிளைத்தவை.

அடுத்து, மிகப் பழைய சொல்லாட்சியைத் தேட வேண்டும். இதற்கு நான் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியையே விரும்புகிறேன். பொருள்களை அது கால வரிசையில், மேற்கோள்களுடன் தருகிறது. கட்டணமின்றிப் பார்க்க வேண்டுமானால் டக்ளஸ் ஹார்ப்பரின் எட்டிமான்லைன் என்ற இணையச் சொற்பிறப்பு அகராதி போதும். ஆங்கிலக் கவிஞர் சாசர் 1391 வாக்கில் தம் மகனுக்காக எழுதிய, வான்பொருள்களின் நிலையை அளக்கும் ஆஸ்ட்ரோலேப் கருவியின் விளக்க நூலில் இரு சொற்களும் வருகின்றன. ஆனால் அங்கே சூரியனின் நேடிர் என்பது இராசி வட்டத்தில் சூரியனுக்கு நேர் எதிரில் உள்ள பாகையே தவிர, தாழ்ந்த இடம் அன்று.

மூலமொழிக்குப் போனால் இதற்கு விடை கிடைக்கிறது. அரபு வானியலாளர்கள் தலைக்கு மேலுள்ள வழி என்ற பொருளில் ‘சம்த் அர்-ரஃஸ்’ என்றும், அதற்கு எதிரானது என்ற பொருளில் ‘நழீர் அஸ்-சம்த்’ என்றும் வழங்கினர். இரண்டு தொடர்களிலும் முதற்பகுதி மட்டுமே ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது.

நானும் வெகுநேரம் தடுமாறி நின்ற இடம் இதுதான்: சம்த் என்பதில் இல்லாத னகரம் ஜெனித்தில் எங்கிருந்து வந்தது? ஒலிமாற்ற விதிகளைப் புரட்டிப் பயனில்லை. கையெழுத்தைத்தான் பார்க்க வேண்டும். இடைக்கால இலத்தீன் சுவடிகளில் ‘எம்’ என்ற எழுத்து மூன்று சிறு செங்குத்துக் கோடுகளாகவே எழுதப்பட்டது; ‘என்’ எழுத்துக்கு இரண்டு கோடுகள், புள்ளியிடப்படாத ‘ஐ’ எழுத்துக்கு ஒன்று. ஆகவே ‘செம்த்’ என்று எழுதியிருந்ததைப் பின்வந்தவர்கள் ‘செனித்’ என்று படித்தனர் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது.

கிடைத்த வேரை உடன்பிறந்த சொல் ஒன்றைக் கொண்டு சரிபார்ப்பது நல்லது. திசைக்கோணத்தைக் குறிக்கும் ‘அசிமுத்’, சம்த்தின் பன்மையான ‘சுமூத்’ என்பதிலிருந்து வந்தது. அதில் மகரம் சிதையாமல் இருக்கிறது.

பிற்சேர்க்கை: கடைக்கோடியைக் குறிக்கும் ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற ஆங்கிலச் சொல்லை இம்முறையில் தேடிய வாசகர் ஒருவர், ‘மோஸ்ட் எக்ஸ்ட்ரீம்’ என்பது பிழையா என்று கேட்டிருந்தார். அதன் மூலமான இலத்தீன் ‘எக்ஸ்ட்ரீமஸ்’, வெளிப்புறத்தைக் குறிக்கும் சொல்லின் மீயுயர் வடிவம், அதாவது ‘மிக’ என்ற பொருளைத் தன்னுள்ளே கொண்ட வடிவம். எனவே வேரின்படி அத்தொடரில் ‘மிக’ என்பது இருமுறை வருகிறது. எனினும் இலத்தீன் இலக்கணத்தைக் கொண்டு ஆங்கில வழக்கைத் திருத்துவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாம் படிக்குத் திரும்பி, அகராதி தரும் மேற்கோள்களைப் பாருங்கள்.