ஆப்பிரிக்க மக்களும் மருந்துக் கடத்தி மரபணுக்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழுங்கிய மாத்திரை உடலில் எங்கே போகும், எவ்வளவு நேரம் தங்கும் என்பதை நொதிகள் மட்டும் முடிவு செய்வதில்லை. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அவற்றில் சில மருந்தை உள்ளே இழுப்பவை. கல்லீரலில் உள்ள ஓஏடிபி1பி1 அந்த வகை. அதற்கான மரபணுவின் பெயர் எஸ்எல்சிஓ1பி1. வேறு சில, உள்ளே வந்ததை வெளியே தள்ளுபவை. குடலிலும் மூளையின் இரத்தக் குழாய்களிலும் இருக்கும் பி-கிளைகோபுரோட்டீன் இந்த ரகம். அதன் மரபணு ஏபிசிபி1. இந்த மரபணுக்களில் ஓர் எழுத்து மாறினாலே, ஒரே அளவு மருந்து ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்கு மிகையாகவும் ஆகிவிடக்கூடும்.

ஆப்பிரிக்க மக்களின் கடத்தி மரபணுக்களைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் சில பிழைகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஐரோப்பியரிடம் கண்டறிந்த மாறுபாடு ஆப்பிரிக்கரிடம் இல்லையென்றால், அங்கே மாறுபாடே இல்லை என்று எண்ணிவிடுவது.

தேடாததை ‘இல்லை’ என்பது

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் மருந்தையே எடுத்துக்கொள்வோம். அதை அதிக அளவில் எடுத்தவர்களில் சிலருக்குத் தசை பாதிக்கப்பட்டது. அதற்கும் எஸ்எல்சிஓ1பி1 மரபணுவின் 521ஆம் இடத்து மாறுபாட்டுக்கும் வலுவான தொடர்பு இருப்பதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடத்தி சரியாக வேலை செய்யாவிட்டால் மருந்து கல்லீரலுக்குள் நுழையாமல் இரத்தத்திலேயே சுற்றுகிறது. தசை அடி வாங்குகிறது. ஐரோப்பியரிடம் இந்த மாறுபாட்டின் பங்கு 15 முதல் 18 விழுக்காடு வரை. சகாராவுக்குத் தெற்கே உள்ள மக்களிடம் சில விழுக்காடுதான்.

‘அப்படியானால் ஆப்பிரிக்கர்களுக்குக் கவலை இல்லை’ என்று சொல்லத் தோன்றும். அது அவசர முடிவு. அதே மரபணுவில், அதே கடத்தியை முடக்கும் வேறு மாறுபாடுகள் இருக்கின்றன. நட்சத்திரக் குறி ஒன்பது என்று பெயரிடப்பட்ட வடிவம் முக்கியமாக ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுவது. 488ஆம் அமினோ அமிலம் மாறிப்போய்க் கடத்தி செயலிழக்கிறது. 521ஆம் இடத்தை மட்டும் பார்க்கும் பரிசோதனைக்கு இது கண்ணில் படவே படாது. அறிக்கையில் ‘இயல்பான செயல்பாடு’ என்றே வரும். ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது, எந்தெந்த மாறுபாடுகள் தேடப்பட்டன என்ற பட்டியலைத்தான். அந்தப் பட்டியல் இல்லாத அறிக்கை, ஆப்பிரிக்க நோயாளியைப் பொறுத்தவரை, பாதி அறிக்கை.

ஒரு கண்டத்தை ஒரு குழுவாக எண்ணுவது

‘ஆப்பிரிக்கரிடம் இதன் அளவு இவ்வளவு’ என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தாலே எனக்கு ஐயம் எழும். ஏபிசிபி1 மரபணுவின் 3435ஆம் இடம் நெடுநாள் ஆராயப்பட்ட ஒன்று. 2001-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், அங்கே ‘சி’ எழுத்து உள்ள மரபணுப் பிரதிகள் கானாவிலும் கென்யாவிலும் 83 விழுக்காடு, சூடானில் 73 விழுக்காடு. பிரித்தானிய வெள்ளையரிடம் 48. ‘ஆப்பிரிக்கரிடம் அதிகம்’ என்பது உண்மைதான். ஆனால் சூடானுக்கும் கானாவுக்கும் இடையிலான பத்துப் புள்ளிகள் அந்த ஒரு வாக்கியத்தில் காணாமல் போய்விடுகின்றன.

தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உலகின் பல மக்களின் மரபணுத்தொகையை (ஒருவரின் மொத்த மரபணுத் தகவலை) பதிவு செய்ததும் பலரும் எடுத்தாள்வதுமான ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தில் ஆப்பிரிக்க மண்ணிலிருந்து ஐந்து குழுக்களே உண்டு: நைஜீரியாவின் யொருபா, எசான், சியரா லியோனின் மெண்டே, காம்பியா மக்கள், கென்யாவின் லூயா. நான்கு மேற்கு ஆப்பிரிக்கா. கிழக்குக்கு லூயா மட்டும். எத்தியோப்பியா இல்லை, தென்னாப்பிரிக்கா இல்லை, மனித குலத்தின் மிகப் பழைய மரபுக் கிளைகளைத் தாங்கிய கோய்-சான் மக்களும் இல்லை. அதே திட்டத்தில் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்களும் ஒரு குழுவாக இருக்கிறார்கள். அவர்களை வைத்துக் காஷ்மீரியின் மருந்தளவைச் சொல்வோமா? யொருபாவை வைத்து சோமாலியரின் மருந்தளவைச் சொல்வதும் அப்படித்தான்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முடிவுகளை அப்படியே ஆப்பிரிக்காவுக்குப் பொருத்துவது இதன் இன்னொரு வடிவம். அவர்களின் மரபுப் பின்னணியில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு ஐரோப்பிய வழி வந்தது. மீதியில் பெரும்பகுதி மேற்கு, மத்திய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து. 2020-இல், ஆப்பிரிக்க மக்களின் மரபணுக்களை ஆராயும் எச்3ஆப்பிரிக்கா கூட்டமைப்பு, 50 இனமொழிக் குழுக்களைச் சேர்ந்த 426 பேரின் முழு மரபணுத்தொகையைப் படித்தது. அதுவரை பதிவாகாத 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் கிடைத்தன. வெறும் 426 பேரிடம்!

வேறிடத்து அடையாளத்தை இங்கே நம்புவது

ஐரோப்பியரிடம் ஏபிசிபி1-இன் 1236, 2677, 3435 ஆகிய மூன்று இடங்களின் மாற்றங்களும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஒன்றைப் பார்த்தால் மற்ற இரண்டையும் ஊகித்துவிடலாம். ஆப்பிரிக்க மக்களிடம் இந்தக் கூட்டு உடைந்திருக்கிறது; 3435இல் ‘டி’ எழுத்து உள்ளவர்களில் பலரிடம் 2677இல் அது இருப்பதில்லை. மனித வரலாறு அங்கே நீண்டது என்பதால் மரபணுத் துண்டுகள் அதிகமாகக் கலைந்து கலந்துள்ளன. இத்தனைக்கும் 3435இன் மாற்றம் புரதத்தின் அமினோ அமிலத்தை மாற்றுவதே இல்லை. அது காரணமா, காரணத்தின் அருகில் நிற்கும் அடையாளம் மட்டுமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. வெறும் அடையாளமாக இருந்தால், அந்தக் கூட்டு உடைந்த இடத்தில் அது எதையும் சுட்டாது.

ஓர் ஆய்வை வைத்து மருந்தளவை மாற்றத் துடிப்பது

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்குச் சரியான பாடம். தென்னாப்பிரிக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. எஸ்எல்சிஓ1பி1-இல் உள்ள ஒரு மாறுபாடு அவர்களிடம் 70 விழுக்காடு அளவுக்குப் பரவியிருந்தது. அதன் ஒரு பிரதி இருந்தால் உடலுக்குக் கிடைக்கும் மருந்து 18 விழுக்காடும், இரண்டு பிரதிகள் இருந்தால் 28 விழுக்காடும் குறைந்தது. தினமும் 150 மில்லிகிராம் கூட்டினால் ஈடுகட்டலாம் என்று கணினிக் கணக்கு சொன்னது. கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! மரபணுவைப் பார், அளவைக் கூட்டு, நோயை வெல்.

ஆனால் மலாவி நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில் அதே மாறுபாடு அதே விளைவைக் காட்டவில்லை. முதல் ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளல்ல. அந்த மாறுபாடு புரதத்தை எழுதாத பகுதியில் இருப்பது. அருகிலுள்ள வேறொன்றின் நிழலாக அது இருக்கலாம், அந்த வேறொன்று மலாவியில் இல்லாமலும் இருக்கலாம். உடல் எடை, எச்ஐவி தொற்று, மருந்தை உணவுடன் எடுத்தாரா இல்லையா என்பவையும் ரிஃபாம்பிசின் அளவை ஆட்டிவைப்பவை. இதற்கிடையில் வேறொரு கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது. ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவே எல்லாருக்கும் குறைவோ என்று, 35 மில்லிகிராம் வரை கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அது உறுதியானால் இந்த மரபணுத் திருத்தத்துக்கு அவ்வளவு இடம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்லாப் பழியையும் மரபணு மேல் போடுவது

எச்ஐவிக்கான எஃபாவிரன்ஸ் பல ஆப்பிரிக்க நோயாளிகளிடம் அளவு மீறி மூளையைப் பாதித்தபோது, முதன்மைக் காரணம் கடத்தி அல்ல. சிஒய்பி2பி6 என்ற நொதியின் மாறுபாடு. எஃபாவிரன்ஸின் இடத்துக்கு வந்த டோலுடெக்ராவிர் இன்னொரு கதை. அது சிறுநீரகத்தின் ஓசிடி2 கடத்தியைத் தடுப்பதால் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் இரத்தத்தில் ஏறுகிறது. டோலுடெக்ராவிரை நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் எடுத்தபோதே மெட்ஃபார்மினின் மொத்த அளவு 79 விழுக்காடு கூடியது. இங்கே மருத்துவர் கேட்க வேண்டியது மரபணு அறிக்கையை அல்ல, நோயாளி வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை.

ஐவர்மெக்டின் இன்னும் கூர்மையான உதாரணம். புழுவால் வந்து பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருட்டு நோயை ஒழிக்க 1987 முதல் இலவசமாக வழங்கப்படும் மருந்து அது. பி-கிளைகோபுரோட்டீன்தான் அதை மூளைக்குள் விடாமல் வைத்திருக்கிறது. ஆகவே கேமரூனில் சிலருக்கு மருந்துக்குப் பின் கடும் மூளைப் பாதிப்பு வந்தபோது ஏபிசிபி1 மேல் சந்தேகம் விழுந்ததில் வியப்பில்லை. அந்த மரபணுவை ஆராய்ந்தும் பார்த்தார்கள். பெரும் காரணியோ வேறு: இரத்தத்தில் மண்டிக்கிடந்த லோவா லோவா என்ற இன்னொரு புழுவின் இளம் உயிரிகள் மருந்தால் கூட்டமாகச் சாவது. கேமரூனின் ஒகோலா வட்டாரத்தில் 16,000-க்கும் மேற்பட்டோரின் விரல் நுனி இரத்தத்தைக் கைபேசி இணைத்த நுண்ணோக்கியால் பார்த்து, புழு மிகுந்த சுமார் 2 விழுக்காட்டினருக்கு மட்டும் மருந்தைக் கொடுக்காமல் விட்டார்கள். மற்றவர்கள் யாருக்கும் மூளைப் பாதிப்பு வரவில்லை என்று 2017-இல் வந்த அறிக்கை சொல்கிறது.