வண்டி உள்ளே போகாத ஃபயர் ஸ்டேஷனுக்குப் புதுக் கட்டடம் கேட்பது எப்படி?

முதலில் ஒரு டேப் வாங்குங்கள். ஐந்து மீட்டர் டேப் போதும். மனு எழுதுவதெல்லாம் அப்புறம்.

நான் தீயணைப்புத் துறையில் 31 வருஷம் இருந்து லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றவன். கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷன் ஒரு பழைய நெல் குடோன், வாடகைக் கட்டடம். தற்காலிகம் என்று சொல்லிக் குடிவைத்தார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோதே அந்தத் தற்காலிகத்துக்கு இருபது வயது தாண்டியிருந்தது. புது வண்டி வந்த அன்றைக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஷெட்டுக்குள் விட்டோம். மேலே கட்டியிருந்த ஏணி உத்தரத்தில் இடித்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து வண்டிக்கு வேப்பமரத்தடிதான். ராத்திரி தீ என்று அழைப்பு வந்தால், படுத்திருக்கும் அறையிலிருந்து வண்டிக்கு 70 தப்படி. நடுவில் ஒரு சாக்கடை, அதன்மேல் ஒரு பலகை. மழை நாளில் அந்தப் பலகையில் வழுக்கி விழாத ஆள் எங்கள் ஸ்டேஷனில் கிடையாது.

வேலையில் இருக்கும்வரை இதையெல்லாம் வெளியே பேச முடியாது. நடத்தை விதி இருக்கிறது. அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பணியில் இருக்கும் ஆட்களிடம் கையெழுத்து கேட்காதீர்கள், அவர்களை வைத்து வீடியோ எடுக்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து விவரம் கேளுங்கள், அது போதும்.

ஊர்க்காரர்கள் முதலில் கொடுத்த மனு இப்படி இருந்தது: "தீயணைப்பு நிலையக் கட்டடம் மிகவும் பழுதடைந்துள்ளது, ஆவன செய்ய வேண்டும்." பலன் கிடைக்காமல் இல்லை. வெள்ளையடித்து, பத்து ஓடு மாற்றிவிட்டுப் போனார்கள். பழுது என்று எழுதினால் பழுதுதான் பார்ப்பார்கள். இந்த இடத்தில் எதைச் செய்தாலும் வண்டி உள்ளே போகாது என்று எழுத வேண்டும். அதற்குத்தான் டேப். வாசல் உயரம், அகலம், ஏணியோடு வண்டி உயரம், வண்டி திரும்ப இருக்கும் இடம், எல்லாவற்றையும் அளந்து ஒரே தாளில் எழுதுங்கள். தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். வாட்டர் டெண்டர் என்கிற சாதாரணத் தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர் வரும். இரண்டு ஹோஸை முழு வேகத்தில் திறந்தால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. எங்களுக்கு சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, இல்லை; வைக்கோல்போர் அணைத்துவிட்டு வந்தால் பஞ்சாயத்து மேல்தொட்டியில் போய் வரிசையில் நிற்போம். திரும்ப நிரப்ப முக்கால் மணி. அந்த முக்கால் மணியில் அடுத்த அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று மனுவில் ஒரு வரி எழுதுங்கள். நனைந்த ஹோஸ் எங்கே காய்கிறது என்பதையும் சேருங்கள். ஒரு ஹோஸ் 15 மீட்டர் நீளம். அதைத் தொங்கவிட கோபுரம் வேண்டும். நாங்கள் புளியமரக் கிளையில் போட்டோம்.

அடுத்து தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் இன்னும் கட்டவில்லை' என்று கேட்டால் பதில் வராது. நகல் கேளுங்கள்: மூன்று வருஷத்து அழைப்புகளின் எண்ணிக்கை, எல்லைக்குட்பட்ட கிராமங்களின் பட்டியல், கட்டட வாடகை. முக்கியமாக, புதுக் கட்டடம் வேண்டும் என்று மேலிடத்துக்குக் கருத்துரு (புரபோசல்) ஏதாவது அனுப்பியிருக்கிறார்களா, அனுப்பியிருந்தால் அதன் நகல். எங்கள் ஊரில் அனுப்பியிருந்தார்கள். 'நிலம் கிடைக்கப்பெற்றபின் பரிசீலிக்கலாம்' என்று எழுதி அதைக் கட்டி வைத்திருந்தார்கள்.

எல்லாம் நிலத்தில்தான் நிற்கும். சர்வே எண் இல்லாத மனு காற்றில் போகும். விஏஓவிடம் போய், ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் புறம்போக்கு என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள், அந்த நிலத்தின் அளவு காட்டும் புலப்படமும் வாங்குங்கள். ஏரி, குளம், வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால், எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். நீதிமன்றம் விடாது. எங்களுக்கு முதலில் காட்டிய இடம் ஊருக்கு நாலு கிலோமீட்டர் வெளியே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஓசி நிலம் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். கேட் போட்டால் வண்டி நிற்க வேண்டியதுதான். கிராமப்புறத்தில் 20 நிமிஷத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது தேசிய அளவிலான தீயணைப்பு ஆலோசனைக் குழு வைத்திருக்கும் கணக்கு. கேட்டிலேயே பத்து நிமிஷம் போனால் மிச்சம் என்ன? வேண்டாம் என்றோம். ஒன்றரை வருஷம் அலைந்து, சந்தைக்கு வடக்கே 60 சென்ட் பிடித்தோம். சந்தை நாளில் வண்டி எந்த வழியாக வெளியேறும் என்று நடந்து பார்த்த பிறகுதான் சரி சொன்னோம்.

எல்லையிலுள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபைத் தீர்மானம் வாங்குங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தெரிந்த தேதிகள். மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் இப்போது நடக்கிறது. தீர்மானங்கள், அளவுத் தாள், சர்வே எண் மூன்றையும் சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள். நகல் ஒன்று மாவட்ட அலுவலருக்கு, ஒன்று எம்எல்ஏவுக்கு. அறிவிப்பு வருவது சட்டசபை மானியக் கோரிக்கையில், அதாவது துறைக்குத் துறை பணம் ஒதுக்கும் விவாதத்தில். ஐப்பசி, கார்த்திகைக்குள் கருத்துரு மேலே போய்விட்டால் நல்லது. பங்குனியில் ஓடினால் அடுத்த வருஷம்தான்.

அனுமதி வந்ததும் பட்டாசு வெடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வரைபடத்தை வாங்கி, வண்டி ஓட்டுகிற ஆளிடம் காட்டுங்கள். எங்கள் டிரைவர் தம்பி அதை ஒரு நிமிஷம் பார்த்தான். "எல்லாம் சரிண்ணே, ஆனா வாசலுக்கு நேரே இருக்கிற கரண்ட் கம்பத்தை இதுல காணோமே" என்றான். கம்பத்தை நகர்த்த மின்வாரியத்துக்கு மனு கொடுத்துவிட்டு இப்போது காத்திருக்கிறோம்.