"விளங்கிச்சா?" என்று கேட்பதற்கு முன்

உப்புவெளியில் நான் படிப்பிக்கும் ரியூசனுக்குப் புதிதாக இரண்டு ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள். நன்றாகப் படிப்பிக்கிறார்கள். ஆனால் பாடம் முடியும் நேரத்தில், பத்து வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழைகளை விடுகிறார்கள். கொப்பி திருத்துவது, நேரம் பிந்துவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். பிள்ளை தன் படிப்பைத் தானே எடைபோடப் பழகும் இடத்தில் நடப்பவை அப்படியல்ல.

"விளங்கிச்சா?" என்று கேட்டு, பதிலை நம்புவது

தரம் 10க்கு ஒளித்தொகுப்பு படிப்பித்த வருடம். நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை ஒருத்தி, கேட்கும்போதெல்லாம் "விளங்கிட்டு சேர்" என்பாள். பொய்யில்லை. பலகையில் சமன்பாடு இருந்தது, கொப்பி திறந்திருந்தது. தவணைப் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு வெறும் தாள். "வீட்டில பார்க்கேக்க எல்லாம் தெரிஞ்சது சேர்" என்று அழுதாள். பார்த்தால் தெரிவது வேறு, பாராமல் எழுத வருவது வேறு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். இன்றைக்கும் "விளங்கிச்சா?" என்பது காதில் விழுந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

1991இல் நெல்சன், டன்லொஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள், இரண்டிரண்டாகச் சேர்த்துப் படிக்கக் கொடுத்த சொற்சோடிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். படித்த உடனே "இது ஞாபகமிருக்கும்" என்று சொன்ன கணிப்புகள் அதிகம் பிழைத்தன; சற்று நேரம் விட்டுச் சொன்னவை மிகவும் பொருந்தின. உடனே கேட்டால் விடயம் இன்னும் மனதில் அப்படியே நிற்கிறது, தேடி எடுக்க வேண்டிய வேலையே இல்லை.

ஆகவே அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் கேளுங்கள். கொப்பியை மூடவிட்டு, "பத்துக்கு எத்தனை எடுப்பாய்?" என்பதை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வெறும் தாளில் விடை. எட்டு என்று போட்டு மூன்று எடுத்த பிள்ளைக்கு நீங்கள் புத்தி சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் புள்ளியைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள், பெற்றோரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த முறை பக்கத்துத் தாளைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

மார்க்கர் பேனை

பக்கம் முழுக்க மஞ்சள் அடித்தால் படித்ததாகாது.

"இவன் பார்த்துப் படிக்கிறவன், இவள் கேட்டுப் படிக்கிறவள்"

பிள்ளைகளை இப்படிப் பிரித்துப் படிப்பித்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடையாது. சீட்டு ஒட்டாதீர்கள்.

கடந்தகால வினாத்தாளைத் திருத்திக் கொடுப்பதோடு நிறுத்துவது

பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பிள்ளையே காரணத்தை எழுதட்டும்: தெரியாது, தெரிந்தும் ஞாபகம் வரவில்லை, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. மூதூர்ப் பையன் ஒருவன் ஐந்து வினாத்தாள் செய்து பார்த்து, தன் பிழைகளில் பாதி மூன்றாவது வகை என்று தானே கண்டுபிடித்தான். இன்னொரு ரியூசனும் சேர வேண்டுமென்று நின்றவன் அவன். இப்போது கேள்வியில் "அல்லாதது" என்ற சொல்லைக் கண்டால் முதலில் அதன் கீழ் கோடு போடுகிறான்.