இலை நிறம் மாறுவதைக் கற்றுத்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையின் நிறமிகளை வடிதாளில் பிரித்துக் காட்டும் பரிசோதனையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். அரைத்த இலைச்சாற்றைத் தாளின் அடியில் தொடக்கக் கோட்டில் வைத்தால், தாளில் ஏறும் கரைப்பான் (நிறமிகளைக் கரைக்கும் திரவம்) அவற்றைப் பிரித்து மேலே கொண்டுபோகும். நான் அன்று செய்த தவறுகளையே புதியவர்களும் செய்வதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. தொடக்கக் கோட்டைப் பேனாவால் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை மை ஓடினால் தானே புரியும்.

“எல்லா நிறமும் இலைக்குள் ஒளிந்திருந்தது”

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இது பாதி உண்மை. மஞ்சளுக்குச் சரி. கரோட்டின் போன்ற மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் கோடை முழுவதும் இலையில் உண்டு. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜனைக் கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் மஞ்சள் தெரிகிறது. பிர்ச், ஜிங்கோ மரங்களில் நடப்பது இதுதான்.

மேப்பிளின் சிவப்பு வேறு. அது ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி. பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக உருவாகிறது.

இது தெரியாமல், பச்சை மேப்பிள் இலையை அரைத்து, “இப்போது சிவப்பு வரும் பாருங்கள்” என்று ஒரு வகுப்புக்கே வாக்குக் கொடுத்தேன். மேலே கரோட்டினின் ஆரஞ்சு மஞ்சள், கீழே இரண்டு வகைப் பச்சையம் வந்தன. சிவப்பு வரவில்லை. கரைப்பானில்தான் கோளாறு என்று புதிதாக வாங்கி, மூன்று முறை செய்தேன். பணமும் போனது, மாணவர்களின் நம்பிக்கையும் போனது.

அப்புறம் சிவந்த இலையையே எடுத்தேன். அப்போதும் சிவப்பு தொடக்கக் கோட்டை விட்டு நகரவில்லை. பச்சையமும் கரோட்டினும் கொழுப்பில் கரைபவை, பெட்ரோலிய ஈதர் என்ற கரைப்பானோடு ஏறிவிடும். ஆந்தோசயனின் செல்லின் வாக்குவோலில் (செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில்), நீரில் கரைந்து இருப்பது. 1906இல் ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் த்ஸ்வெத் சுண்ணாம்புத்தூள் குழாயில் பிரித்துக் காட்டியதும் பச்சையங்களையும் மஞ்சள் நிறமிகளையும்தான். சிவப்பு வேண்டுமானால் சிவந்த இலையைத் தனியாக, சிறிது வினிகர் கலந்த ஆல்கஹாலில் ஊறவையுங்கள்.

உறைபனிதான் சிவப்பாக்குகிறது என்பது

இல்லை. கடும் உறைபனி இலையைக் கொன்றுவிடும், சிவப்பு உருவாவதும் அத்தோடு நிற்கும். வெயிலடிக்கும் பகலும், குளிர்ந்தாலும் உறையாத இரவும்தான் நல்ல சிவப்பைத் தரும்.

ஓக் இலையின் பழுப்பு

அது டானின் என்ற வேறு பொருள். கரோட்டினோடு சேர்க்காதீர்கள்.

கரைப்பானைத் தீயருகே வைப்பது

கூடவே கூடாது. அசிட்டோனும் ஈதரும் நொடியில் பற்றிக்கொள்ளும்.

தாளை வெயிலில் காயவைப்பது

பச்சையம் வெளிறிவிடும். இருட்டில் காயட்டும், காய்ந்ததும் நிறப் பட்டைகளின் ஓரத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள்.