தட்டைவாயனை அடையாளம் காண்பது எப்படி?

வாத்துக் கூட்டத்தைப் பார்த்ததும் கண் முதலில் நிறத்தைத்தான் தேடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பழுப்பாகத் தெரிந்ததையெல்லாம் "ஏதோ ஒரு பெட்டை" என்று எழுதிய என் முதல் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. தட்டைவாயன் என்ற வாத்தைப் பொறுத்தவரை நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

படி 1: ஆழமில்லாத, சேறு கலங்கிய நீர்நிலையாகப் பார்த்து நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

படி 2: பறவை நீருக்குள் முழுதாக மூழ்கி மூழ்கி எழுந்தால் அது முக்குளிக்கும் வாத்து, விட்டுவிடுங்கள். தட்டைவாயன் நீரின் மேற்பரப்பில் மேய்கிற இனம். கிளம்பும்போதும் நீர்மேல் ஓடாமல் சட்டென்று எழும்பிவிடும்.

படி 3: இனி அலகு. தலையைவிட நீளம், நுனி கரண்டிபோல் அகலம். அந்தக் கனத்தில் பறவையே முன்னால் சாய்ந்து மிதப்பதுபோல் தெரியும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல்போல் சுமார் 110 மெல்லிய தகடுகள் உண்டு. நீரை உறிஞ்சி ஓரங்களின் வழியே வெளியே தள்ளும்போது நுண்ணிய ஓட்டுடலிகளும் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த சிற்றுயிர்கள்) விதைகளும் அவற்றில் சிக்கிக்கொள்ளும்.

படி 4: மேயும் விதத்தைக் கவனியுங்கள். கழுத்தை நீட்டி, அலகை நீரில் பதித்து, தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே போகும். பல பறவைகள் சேர்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடிக்கும். முன்னால் போவதன் கால் கலக்கிவிட்ட இரையைப் பின்னால் வருவது அள்ளும். செக்குமாடு சுற்றுவதுபோல் இருக்கும். இதைப் பார்ப்பதற்காகவே ஒரு காலைப்பொழுதைச் செலவிடலாம்.

படி 5: இப்போது நிறம். ஆணுக்குக் கரும்பச்சைத் தலை, மஞ்சள் கண், வெள்ளை மார்பு, செம்பழுப்பு விலா. பச்சைத்தலை காட்டுவாத்தோடு குழப்பம் வரும். அதன் மார்பு பழுப்பு, அலகு மஞ்சள். பெட்டை முழுக்கப் புள்ளியிட்ட பழுப்பு, அலகோரம் ஆரஞ்சு. இனப்பெருக்கம் முடிந்து இறகுதிர்க்கும் காலத்தில் ஆணும் பெட்டையைப்போல் மங்கிவிடும்.

படி 6: பறக்கும்போது ஆணின் இறக்கை முன்பகுதி வெளிர்நீலமாகத் தெரியும். நீலச்சிறகு வாத்துக்கும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் மறுபடியும் அலகையே பாருங்கள்.

தூங்கும் பறவை அலகை முதுகுச் சிறகுக்குள் செருகியிருக்கும். ஆணென்றால் வெள்ளை மார்பும் செம்பழுப்பு விலாவும் காட்டிக்கொடுக்கும். பெட்டையென்றால் அது விழிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.