அங்கிப் பைக்கு எந்தக் கையேடு?

அறுவை சிகிச்சைப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வெள்ளை அங்கிப் பையில் வைக்கும் மருத்துவக் கையேடு வாங்கும் முன் அதன் தீக்காயப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் 24 மணி நேரத்துக்கான திரவத்தில் பாதியை 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது தீக்காயத்துக்கு எவ்வளவு திரவம் என்று சொல்லும் பார்க்லாண்ட் கணக்கு. அந்த 8 மணி நேரம் தீப்பட்ட பொழுதிலிருந்து ஓடுகிறது, வார்டுக்கு வந்ததிலிருந்து அல்ல. கூடலூரிலிருந்து மலையேறி ஊட்டி வருபவருக்குப் அதில் கொஞ்ச நேரம் வழியிலேயே கரைந்திருக்கலாம். இதைத் தெளிவாகச் சொல்லாத புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மரத்துப்போக ஊசியில் போடும் லிக்னோகைன் மருந்தின் உச்ச அளவு, அட்ரினலின் சேர்த்தும் சேர்க்காமலும், உடல் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பதிப்பாண்டையும் பாருங்கள். ஆன்டிபயாடிக் விஷயத்தில் உங்கள் மருத்துவமனை நெறிமுறைதான் முதலில். கையேடு அதற்குப் பின். செயலி போதுமே என்பார்கள். சிக்னல் கண்ணாமூச்சி ஆடும் மலையில் அச்சுப் பிரதியும் இருக்கட்டும், முடிந்தால் ஸ்பைரல் கட்டில்.